வானில் எஞ்சின் நின்றால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானங்களின் எரிபொருள் கணக்கு, எஞ்சின் நின்ற பின் தரையிறக்குவது ஆகியவை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில்களில் வரும் எண்கள் பெரும்பாலும் செஸ்னா 172எஸ் விமானத்துக்கு உரியவை. வேறு விமானம் ஓட்டுகிறவர்கள் அந்தந்த விமானத்தின் கையேட்டு எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரில் இருப்பதுபோல விமானத்திலும் பெட்ரோல் முள் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவருக்கு நடுவானில் எப்படித் தீர்ந்துபோகும்?
- வாசகர், ஈரோடு

முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதால்தான் தீர்ந்துபோகிறது. இறக்கைக்குள் இருக்கும் டேங்க் அகலமானது, ஆழமில்லாதது. சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கையில் ஏந்தி நடந்து பாருங்கள், உள்ளே இருக்கும் மிதவை என்ன பாடுபடும் என்று தெரியும். விமானம் லேசாகச் சாய்ந்தாலும், மூக்கைத் தூக்கினாலும் முள் இடம் மாறும். சமமாகப் பறக்கையில், பயன்படுத்தக்கூடிய எரிபொருள் தீர்ந்ததும் முள் பூஜ்யம் காட்ட வேண்டும் என்பதை அமெரிக்கத் தகுதிச் சான்று விதி தெளிவாகச் சொல்கிறது. இடையில் ‘பாதி’, ‘கால்’ என்று முள் சொல்வதை நம்பிப் பயணத்தை நீட்டுகிறவர் வம்பை விலைக்கு வாங்குகிறார்.

நம்ப வேண்டியவை இரண்டு: புறப்படுமுன் டேங்கில் விட்டுப் பார்க்கும் அளவுக்குச்சி, புறப்பட்ட பின் கைக்கடிகாரம். குச்சி அதே மாடலுக்கு அளவிட்டதாக இருக்க வேண்டும். 172என்-க்கான குச்சியை 172எஸ்-இல் விட்டால் பொய் சொல்லும். விமானம் சமதரையில் நிற்க வேண்டும். மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தால் ‘நிறைய’ என்பது மட்டுமே உறுதியாகத் தெரியும். கொஞ்சம் குறைந்துவிட்டால் எவ்வளவு குறைந்தது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகள் எரிபொருள் கவனக்குறைவால் நடந்திருந்தன. அவற்றில் 56 விழுக்காடு எரிபொருள் முழுக்கத் தீர்ந்தவை. 35 விழுக்காட்டில் விமானத்தில் எரிபொருள் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடந்தது. கருவிப் பழுதின் பங்கு வெறும் 5 விழுக்காடு. புதியவர்கள்தான் இப்படிச் சிக்குவார்கள் என்றும் சொல்வதற்கில்லை: விபத்தில் சிக்கிய விமானிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வணிக உரிமமோ அதற்கும் மேலான உரிமமோ வைத்திருந்தவர்கள்.

நிறைந்த டேங்கில் எத்தனை மணி நேரம் பறக்கலாம்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.
- விமானப் பயிற்சி மாணவர், சேலம்

172எஸ்-இல் மொத்தம் 56 அமெரிக்க கேலன். பயன்படுவது 53, அதாவது சுமார் 200 லிட்டர். மீதி 3 கேலன் டேங்கின் அடியில் கிடக்கும், எஞ்சினுக்கு வந்துசேராது. ஸ்டார்ட் செய்து, டாக்ஸி போய் (தரையில் உருண்டு ஓடுபாதைக்குப் போய்), மேலே எழும்புவதற்குக் கையேடு 1.4 கேலன் ஒதுக்கச் சொல்கிறது. மிச்சம் 51.6. மணிக்கு 10 கேலன் குடிக்கிறது என்று வையுங்கள். அமெரிக்க விதிப்படி பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் கையிருப்பு வேண்டும். பகலோ இரவோ 45 நிமிடம் வைப்பதே நல்ல பழக்கம் என்போம். அதற்கு 7.5 கேலன் கழித்தால் 44.1. ஆக, 4 மணி 24 நிமிடம். மேலேறும்போது கூடுதலாகக் குடிக்கும் என்பதால் இதிலும் கொஞ்சம் குறையும்.

இனிதான் பொறி. மணிக்கு 10 கேலன் என்பது மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் எரிபொருளின் விகிதத்தை) கையேட்டின்படி மெலிய வைத்து ஓட்டினால் வரும் கணக்கு. மிக்ஸ்சரின் சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளியபடியே போனால் அதே எஞ்சின் 12.5 கேலன் குடிக்கக்கூடும். 51.6-ஐ 12.5-ஆல் வகுங்கள்: 4 மணி 8 நிமிடம். ‘4 மணி 24 நிமிடம் போகலாம், அதன் பிறகும் முக்கால் மணி நேரத்துக்கு இருக்கிறது’ என்று நம்பிக் கிளம்பியவருக்குப் போய்ச் சேர 16 நிமிடம் இருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடும். கணக்கில் தவறில்லை, கைப்பழக்கத்தில்தான் தவறு.

எதிர்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 110 நாட் வேகத்தில் (நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர்) 330 நாட்டிக்கல் மைல் போக 3 மணி நேரம். 20 நாட் எதிர்காற்று வீசினால் 3 மணி 40 நிமிடம். வழியில் ஒவ்வொரு அடையாளத்தைக் கடக்கும்போதும் நேரத்தைக் குறித்து, திட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அப்போது வழியிலுள்ள ஏதாவதொரு நிலையத்தில் இறங்கி நிரப்பலாம். இறங்கவே மாட்டேன் என்ற பிடிவாதம்தான் பலரை வயலில் இறக்கியிருக்கிறது.

லிட்டர், கேலன், பவுண்டு என்று குழப்புகிறார்களே, இதில் உண்மையிலேயே ஆபத்து உண்டா?
- வாசகி, மதுரை

உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கான எண்ணுக்குப் பதில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டுவிட்டார்கள். தேவையில் பாதிக்கும் குறைவாகத்தான் ஏறியது. இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற ஊரில் பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து வந்து இறங்கியது. யாரும் சாகவில்லை. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி.

சிறு விமானத்தில் நினைவில் வைக்க நான்கு எண் போதும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். பழைய பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். ஏவிகேஸ் (சிறு விமானங்களுக்கான பெட்ரோல்) ஒரு லிட்டர் சுமார் 0.72 கிலோ. ஒரு அமெரிக்க கேலன் 6 பவுண்டு. இந்தியாவில் ஊற்றுகிறவர் லிட்டரில் ஊற்றுவார், முள் அமெரிக்க கேலனில் காட்டும். ‘20 போடுங்கள்’ என்று வாயால் மட்டும் சொல்லாதீர்கள். 20 கேலன் கேட்டவருக்கு 20 லிட்டர் ஊற்றினால், அது அரைமணி நேரம் பறக்கவே போதும். எழுதிக் கொடுங்கள், ஊற்றிய பின் நீங்களே குச்சி விட்டுப் பாருங்கள்.

நிறத்தையும் பாருங்கள். 100எல்எல் என்ற வகை ஏவிகேஸ் நீல நிறம். ஜெட் எரிபொருள் நிறமற்றது அல்லது வைக்கோல் நிறம். இரண்டும் கலந்தால் நீலம் முழுக்கப் போய்விடும் என்று நம்பக் கூடாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் ஏவிகேஸ் ஆவியாகிவிடும், ஜெட் எரிபொருள் எண்ணெய்க் கறையாக நிற்கும்.

செஸ்னாவில் டேங்க் செலக்டரை ‘இரண்டும்’ என்று வைக்கலாம், பைப்பரில் ஏன் அப்படி இல்லை?
- வாசகர், சிங்கப்பூர்

எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திருகுதான் செலக்டர். செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே. எரிபொருள் தன் எடையாலேயே கீழே வரும், இரண்டு டேங்கிலிருந்தும் ஒன்றாக இறங்கும். பைப்பர் செரோக்கியின் இறக்கை காலுக்குக் கீழே. அங்கே பம்ப்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டு டேங்கையும் ஒன்றாகத் திறந்தால், ஒரு பக்கம் காலியானதும் பம்ப் அங்கிருந்து காற்றை இழுக்கும். ஓட்டை ஸ்ட்ராவையும் நல்ல ஸ்ட்ராவையும் சேர்த்துக் கடித்து உறிஞ்சினால் இளநீர் வாய்க்கு வராது அல்லவா, அதுதான். அதனால் இடது அல்லது வலது, ஏதாவது ஒன்று.

பைப்பர் ஓட்டுகிறவர்கள் 30 நிமிடத்துக்கு ஒரு முறை டேங்க் மாற்றுவார்கள். மாற்றும்போது மின்சாரப் பம்பைப் போட்டு, மாற்றி, எரிபொருள் அழுத்தத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு பம்பை அணைக்க வேண்டும். ஒரு டேங்க் வற்றி எஞ்சின் இருமினால் பதற வேண்டாம்: செலக்டர் மறு பக்கம், பம்ப் ஆன், மிக்ஸ்சர் முழுக்க. குழாய் நிரம்பி மறுபடி உறுமுவதற்கு 10 வினாடி வரை ஆகலாம் என்று கையேடே சொல்கிறது. அந்த 10 வினாடி மிக நீளமாகத் தெரியும். பொறுமையிழந்து செலக்டரை மறுபடி திருப்புகிறவர்கள் காலி டேங்குக்கே திரும்பிவிடுகிறார்கள்.

எஞ்சினைச் சோதித்து முடித்த பிறகு, ஓடுபாதை வாயிலில் நின்றுகொண்டு டேங்க் மாற்றாதீர்கள். செலக்டர் தவறான இடத்தில் இருந்தாலும், மூடப்பட்டே இருந்தாலும், குழாயிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் தங்கியிருக்கும் எரிபொருளில் விமானம் டாக்ஸி போகும், சில நேரம் மேலேயும் எழும்பும். பிறகு 200 அடியில் எஞ்சின் நிற்கும். எந்த டேங்கில் எஞ்சினைச் சோதித்தீர்களோ அதே டேங்கில் புறப்படுங்கள்.

செஸ்னாவுக்கும் ஒரு குறிப்பு: சரிவான இடத்தில் நிறுத்தும்போது செலக்டரை ‘இரண்டும்’ என்று விட்டால் மேட்டுப் பக்க டேங்கிலிருந்து பள்ளத்து டேங்குக்கு ஓடி, டேங்குக்குக் காற்று வரும் வென்ட் குழாய் வழியே வெளியே சொட்டும். இடது அல்லது வலதில் வைத்துவிட்டுப் போங்கள்.

பாடகர் ஜான் டென்வர் பெட்ரோல் தீர்ந்து விழுந்தார் என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், டொராண்டோ

பாதி உண்மை. 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் மாண்டரே வளைகுடா. அவர் அண்மையில் வாங்கிய லாங்-ஈஸி, தனிநபர்களே கட்டிக்கொள்ளும் வகை; வேறொருவர் கட்டிய விமானம். அதைக் கட்டியவர் எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வரக்கூடாது என்று நினைத்து, வடிவமைப்பில் முன்னால் இருக்க வேண்டிய செலக்டரை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். கைப்பிடி இறுக்கமாக வேறு இருந்தது. அதைத் திருப்ப உடம்பை முறுக்க வேண்டும், முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் ரடர் மிதியை (வால் பலகையைத் திருப்புவது) அழுத்தும். புறப்படுமுன் எரிபொருள் நிரப்பிக்கொள்ளவும் இல்லை. டேங்க் மாற்ற முயலும்போது விமானம் கட்டுப்பாட்டை இழந்து கடலில் விழுந்தது என்பதுதான் விசாரணை முடிவு.  எரிபொருளைத் தேடிப் போன கை ஓட்டுவதைக் கைவிட்டுவிட்டது.

டேங்கில் தண்ணீர் எப்படி வருகிறது? தினமும் வடித்துப் பார்க்க வேண்டுமா?
- வாசகர், தஞ்சாவூர்

மழையில் நின்ற விமானத்தில் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் நேராக உள்ளே இறங்கும். பாதி டேங்கோடு இரவில் நிறுத்தினால் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டும். தண்ணீர் கனமானது, அடியில் போய் நிற்கும். எஞ்சினுக்குப் போகும் வாயும் அங்கேதான்.

முதல் பறப்புக்கு முன்பும், ஒவ்வொரு முறை நிரப்பிய பின்பும் வடிக்க வேண்டும். 172எஸ்-இல் வடிகால் முனை ஒவ்வொரு இறக்கையிலும் 5, வயிற்றில் 3, மொத்தம் 13. சோம்பல் வரத்தான் செய்யும். குப்பியில் அடியில் குமிழாக நின்றால் தண்ணீர் என்று சுலபமாகத் தெரியும். முழுக்குப்பியுமே தண்ணீராக இருந்தால் கோடு தெரியாது, ‘சுத்தமாக இருக்கிறது’ என்று ஊற்றிவிடுவார்கள். எனவே நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

கூடவே வென்ட் குழாய். செஸ்னாவில் இடது இறக்கைக்கு அடியில், தாங்குகம்பிக்கு அருகே இருக்கும். குளவி மண்கூடு கட்டி அடைத்துவிட்டால் டேங்குக்குள் காற்று போகாது, எரிபொருள் இறங்காது.

மாலையில் இறங்க வரும்போது எஞ்சின் சுற்று தானாகக் குறைந்து அதிர்கிறது. வெயில் ஊரில் பனி உறைய வாய்ப்பே இல்லையே?
- பயிற்சி விமானி, சென்னை

வாய்ப்பு நிறைய. உங்கள் விமானம் கார்புரேட்டர் உள்ள 152-ஆகவோ பழைய 172-ஆகவோ இருக்கும். 172எஸ் எரிபொருளைப் பீய்ச்சும் வகை, அதற்கு இந்த நோய் கிடையாது. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரிவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பம் 20, 30 டிகிரி சடாரென்று இறங்கும். வெளியே 25 டிகிரியும் நல்ல ஈரமும் இருந்தால் உள்ளே உறைநிலை. த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைப்பது) குறைத்து இறங்கும்போது வால்வு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் அங்கேதான் முதலில் ஒட்டும். கடலோர ஊரின் ஈரமான மாலை இதற்குத் தோதான நேரம்.

புகைக்குழாயில் சூடான காற்றைக் கார்புரேட்டருக்கு அனுப்பும் ‘கார்புரேட்டர் சூடு’ குமிழை முழுக்க இழுங்கள், பாதி வைக்காதீர்கள். சுற்று இன்னும் குறையும், எஞ்சின் முன்னைவிட மோசமாக உதறும். உருகிய நீரை அது விழுங்குகிறது என்று பொருள். பயந்து சூட்டை உள்ளே தள்ளிவிடுவதுதான் வழக்கமான தவறு. அரை நிமிடம் பொறுத்தால் சுற்று ஏறும். எஞ்சின் முழுக்க அணைந்துவிட்டால் சூடான புகைக்குழாயும் ஆறிவிடும், பிறகு உருக்க வெப்பம் இருக்காது. ஆகவே த்ராட்டிலைக் குறைக்கும் முன்பே சூட்டைப் போட்டுவிடுங்கள்.

கார் பெட்ரோல் ஊற்றலாமா?
- வாசகர், நாமக்கல்

அந்த எஞ்சினுக்கும் அந்த விமானத்துக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி இருந்தால் மட்டும். நம் பங்க்குகளில் வருவது எத்தனால் கலந்தது. ரப்பர் வளையங்களை ஊற வைக்கும், தண்ணீரை இழுக்கும், வெயிலில் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைக்கும்.

3,000 அடியில் எஞ்சின் நின்றுவிட்டது. முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும், வரிசையாகச் சொல்லுங்கள்.
- விமானப் பயிற்சி மாணவி, கோவை

முதலில் மூக்கைத் தாழ்த்தி 68 நாட். வேகம் குறைவதற்குள், மூக்கை வைத்த நிலையிலேயே பிடித்துவைக்கும் ட்ரிம் சக்கரத்தைத் திருப்பிவிட்டால் கை விடுதலையாகும். இந்த வேகத்தில் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 1.5 நாட்டிக்கல் மைல் மிதக்கலாம். 3,000 அடி என்றால் காற்றில்லாத நாளில் எட்டு கிலோமீட்டர், நேரம் ஏறக்குறைய நான்கு நிமிடம். நினைப்பதைவிட அதிகம்தான்.

இரண்டாவது, இடம். காலடியில் இருப்பதையும் பாருங்கள், மூக்குக்கு நேரே மட்டும் தேடாதீர்கள். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே மூன்றாவதாக எஞ்சின்: எரிபொருள் அடைப்பு வால்வு முழுக்க உள்ளே (திறந்த நிலை), செலக்டர் ‘இரண்டும்’, மின்சாரப் பம்ப் ஆன், மிக்ஸ்சர் முழுக்க, மேக்னட்டோ (தீப்பொறி தருவது) ‘இரண்டும்’. ப்ரொப்பெல்லர் சுற்றாமல் நின்றிருந்தால் மட்டும் ஸ்டார்ட். கையைத் தரையிலிருந்து மேலே கொண்டுபோவதுபோல ஒரே வழியில் தடவிப் போனால் எதுவும் விடுபடாது.

நான்காவது, ரேடியோ. பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பு மூன்று முறை. யாரும் இல்லையென்றால் 121.5 என்ற அவசர அலைவரிசை. ரேடாருக்கு அடையாளம் அனுப்பும் ட்ரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசரக் குறியீடு. வேகத்தை விட்டுவிட்டு மைக்கைப் பிடிப்பவர்கள் உண்டு. கட்டுப்பாட்டு அறை உங்கள் இறக்கையைத் தாங்கிப் பிடிக்காது.

1,000 அடிக்குக் கீழே வந்தபின் எஞ்சினை மறந்துவிடுங்கள். மிக்ஸ்சர் வெளியே, அடைப்பு வால்வு வெளியே, மேக்னட்டோ ஆஃப். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) வேண்டுமளவு இறக்கிய பிறகே மின்சார மாஸ்டர் சுவிட்ச் ஆஃப். ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவது, முன்பே அணைத்தால் இறங்காது. இடம் எட்டும் என்று உறுதியான பிறகுதான் ஃபிளாப். கதவுத் தாழ்ப்பாளை விடுவித்து வையுங்கள், இல்லையென்றால் சட்டகம் வளைந்து கதவு சிக்கிக்கொள்ளும். ஃபிளாப் முழுக்க இறக்கி 65 நாட், வாலைச் சற்றுத் தாழ்த்தித் தொட வேண்டும்.

இடம் எட்டாது போலிருக்கிறதே என்று மூக்கைத் தூக்கினால் தூரம் குறையும், கூடாது.

நம் ஊரில் எங்கே இறக்குவது? சாலை நல்லதா, வயல் நல்லதா?
- வாசகர், திருநெல்வேலி

சாலை மேலிருந்து பார்க்க ஓடுபாதை மாதிரி இருக்கும். ஆனால் குறுக்கே போகும் மின்கம்பி தெரியவே தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். இரண்டு கம்பம் தெரிந்தால் இடையில் கம்பி உண்டு என்றே கொள்ளுங்கள். போதாததற்கு நடுச்சுவர், லாரி, வேகத்தடை.

நடவு முடிந்து நீர் நிற்கும் வயல் வேண்டாம். முன் சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். அறுவடை முடிந்து காய்ந்த வயல் நல்லது, ஆனால் வரப்பு குறுக்கே வரும். நீளவாக்கில் வரப்புக்கு இணையாக இறங்குங்கள். உழுத கரிசலில் சால் ஓடும் திசையிலேயே தொடுங்கள். காய்ந்த ஏரி சமமாக இருந்தாலும் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தென்னந்தோப்பைக் கடைசிக் கடைசியாக வையுங்கள்.

காற்றுக்கு எதிராக இறங்குவது பாதி உயிரைக் காப்பாற்றும். 50 நாட் வேகத்தில் தொடுகிறீர்கள், காற்று 10 நாட் என்றால் எதிரே இறங்கினால் தரைவேகம் 40, காற்றோடு இறங்கினால் 60. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 1600-க்கு 3600, இரண்டேகால் மடங்கு. காற்றின் திசைக்குப் புகையைப் பாருங்கள். குளத்தில் அலையில்லாமல் வழுவழுவென்று இருக்கும் கரைப் பக்கமிருந்துதான் காற்று வருகிறது.

மரமோ புதரோ தவிர்க்க முடியாவிட்டாலும் நம்பிக்கை உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் விமானம் சீராக 9 ஜி (புவியீர்ப்பைப்போல் 9 மடங்கு) விசையில் நிற்க மூன்று மீட்டருக்கும் குறைவான தூரமே போதும். தோள்வாரை இறுக்கிக் கட்டியிருப்பவர் தாங்கக்கூடிய அளவு அது. மெதுவாக, சமமாக, கட்டுப்பாட்டோடு மோதுகிறவர் பிழைக்கிறார். இடம் பிடிக்கப்போய் ஸ்டாலாகி (வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் போய்) மூக்கு குத்துகிறவருக்கு அந்த மூன்று மீட்டர் கிடைப்பதில்லை.

புறப்பட்ட உடனே எஞ்சின் நின்றால் திரும்பி அதே ஓடுபாதைக்கு வரலாமே?
- வாசகர், ஓசூர்

500 அடியில் என்றால் வேண்டாம். 180 டிகிரி திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்பீர்கள்; அதன் மேல் வந்து சேர மொத்தம் 225 டிகிரிக்கும் மேல் திரும்ப வேண்டும். நடந்ததை நம்பவே மூன்று நான்கு வினாடி போய்விடும். 172எஸ் ஃபிளாப் இறக்காமல் சுமார் 53 நாட்டில் ஸ்டாலாகும். 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் அது 63. நீங்கள் 68-இல் மிதக்கிறீர்கள். கையில் ஐந்து நாட். தரை நெருங்குவதைப் பார்த்துக் கை தானாகக் கட்டுப்பாட்டுக் கொம்பைப் பின்னால் இழுக்கும், அந்த ஐந்தும் போய்விடும். நேரே, இருபுறமும் 30 டிகிரிக்குள் கிடைத்த இடத்தில் இறங்குங்கள். எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதை ஆசிரியரோடு உயரத்தில் பழகிப் பார்த்து, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

எரிபொருள் குறைகிறது, ஆனால் எஞ்சின் ஓடுகிறது. கட்டுப்பாட்டு அறையிடம் என்ன சொல்ல வேண்டும்?
- வாசகி, கொழும்பு

இரண்டு சொல் உண்டு. ‘மினிமம் ஃபியூயல்’ என்றால் இனியும் தாமதித்தால் கடைசிக் கையிருப்பில் கை வைக்க வேண்டிவரும் என்ற தகவல். அதனால் முன்னுரிமை கிடைக்காது. பலர் கிடைக்கும் என்று நம்பிச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசிக் கையிருப்பில் கை வைக்காமல் இறங்க முடியாது என்று தெரிந்துவிட்டால் ‘மேடே மேடே மேடே ஃபியூயல்’. அதற்குத்தான் வழிவிடுவார்கள்.

அருகில் எந்த நிலையமும் எட்டாது என்று கணக்கு சொன்னால், எஞ்சின் ஓடும்போதே வயலைத் தேர்ந்து இறங்கிவிடுங்கள். எஞ்சின் இருந்தால் இடத்தின் மேல் தாழப் பறந்து கம்பி, வரப்பு, ஆடு மாடு எல்லாம் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் மேலேறி அடுத்த வயலுக்குப் போகலாம். இதற்கு ஒரு பத்து நிமிட எரிபொருளாவது மிச்சம் இருக்க வேண்டும்.